ஆயா போட்ட முடிச்சு

வணக்கம் ஐயா. என் மகளுக்கு மூன்று வயது. எங்கள் ஊர் அங்கன்வாடி டீச்சருக்குப் பக்கத்து ஊர் மையமும் பொறுப்பு. அவர் வராத நாளில் ஆயா கதவைத் தாழ்போட்டுவிட்டுச் சமைக்கிறார். டீச்சர் வந்தாலும் போனையே நோண்டுகிறார். அரைநாள் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதற்குச் சம்பளம் வேறு! அங்கேயே விடவா, ப்ளே ஸ்கூலில் சேர்க்கவா?
எம்., மன்னார்குடி பக்கம்

அன்புள்ள எம்,

ப்ளே ஸ்கூல் உங்கள் வசதி, அதில் நான் சொல்ல என்ன இருக்கிறது. போன் விஷயத்தில் அவசரப்பட்டுவிட்டீர்கள். 2021 முதல் போஷான் டிராக்கர் என்ற செயலியில் வருகை, எடை, உயரம் எல்லாம் ஏற்றியாக வேண்டும். அவர் ரீல்ஸ் பார்க்கிறார் என்று எப்படி முடிவு கட்டினீர்கள்?

ஆனால் 'சம்பளம் வேறு' என்று எழுதினீர்களே, அங்கேதான் நின்றுவிட்டேன். கொஞ்ச நாளாகவே இந்தச் சொல் மண்டையில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்குப் பெயர் சம்பளம் இல்லை அம்மா, மதிப்பூதியம். மத்திய அரசின் கணக்கில் டீச்சருக்கு மாதம் 4500 ரூபாய், ஆயாவுக்கு 2250. 2018 அக்டோபரில் உயர்த்திய தொகை இது, அதிலும் மத்தியின் பங்கு 60 சதவீதம்தான். நம் மாநிலம் மேலே போட்டுக் கொடுக்கிறது, ஆனால் இங்கேயும் புதிதாகச் சேர்பவருக்கு முதல் ஓராண்டு தொகுப்பூதியம், அதாவது மாதாமாதம் ஒரே மொத்தத் தொகை, டீச்சருக்கு 7700, ஆயாவுக்கு 4100. அப்புறம் சிறப்புக் காலமுறை ஊதியம். மதிப்பு, தொகுப்பு, சிறப்பு என்று ஊதியத்துக்கு முன்னால் எதையாவது ஒட்டினார்கள் என்றால் கை வைக்கப்போகிறார்கள் என்று அர்த்தம். கலெக்டர் வாங்குவதை யாராவது மதிப்பூதியம் என்கிறார்களா? அவருக்கு மதிப்பு இல்லையா? 2022-இல் உச்ச நீதிமன்றமே, இவர்களுக்கும் பணிக்கொடைச் (கிராஜுவிட்டி) சட்டம் பொருந்தும், அந்தச் சட்டத்தின்படி மதிப்பூதியமும் ஊதியம்தான் என்று சொல்ல வேண்டியிருந்தது. நீங்களோ 'அரைநாள் பார்த்துக்கொள்வது' என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். வீட்டில் ஒரே ஒரு பிள்ளையை ஒரு மணிநேரம் மாமியாரிடம் விட்டுவிட்டு வருவதற்கே எத்தனை பதைப்பு!

தாழ்ப்பாளுக்கு வருகிறேன். எங்கள் ஊர் பால்வாடி குளத்தங்கரையில் இருந்தது. ஆயா என் இடுப்பில் பழைய துண்டைச் சுற்றி, மறுமுனையை ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டுத்தான் அடுப்பு பற்றவைப்பார். இதை எத்தனையோ கூட்டங்களில் வேடிக்கையாகச் சொல்லிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன், வெட்கமாக இருக்கிறது. உங்கள் கடிதத்தைப் படித்தபோதுதான் அந்த அறையின் அமைப்பு கண்ணில் தெரிந்தது. ஒருபக்கம் விறகடுப்பு, கொதிக்கிற உலை. எதிர்ப்பக்கம் தாழ்ப்பாளே இல்லாத கதவு, பத்தடியில் குளம். நடுவில் இருபது வாண்டுகள், அதில் ஓடுகாலி நான். டீச்சர் கூட்டத்துக்குப் போயிருப்பார். ஆயா வேறென்ன செய்வார்? முடிச்சுப் போட்டதும் துண்டுக்கும் என் வயிற்றுக்கும் நடுவே இரண்டு விரலை விட்டுப் பார்ப்பார், இறுக்கிறதா என்று. விரலில் எப்போதும் சத்துமாவு வாசனை. சாப்பாடு இறக்கியதும் முதலில் அவிழ்ப்பது என்னைத்தான்.

நாளைக்குப் பதினொரு மணி வாக்கில், உலை கொதிக்கிற நேரமாகப் பார்த்து, உங்கள் ஊர் மையத்தில் போய் உட்காருங்கள். அப்புறம் அக்டோபர் 2 கிராமசபை வரும். 1975-இல் இந்த அங்கன்வாடித் திட்டம் தொடங்கியதும் அதே தேதியில்தான். அங்கே எழுந்து, பக்கத்து ஊர் மையத்தின் டீச்சர் இடத்தை எப்போது நிரப்புவீர்கள் என்று கேளுங்கள், பக்கத்து ஊர் அம்மாக்களையும் கேட்கச் சொல்லுங்கள். ப்ளே ஸ்கூலை அதற்குப் பிறகு யோசிக்கலாம்.