அலாஸ்காவிலிருந்து ஆர்.வி.யில் திரும்பும்போது போன வழியிலேயே வர வேண்டுமா?

அலாஸ்காவின் டோக் ஊரிலிருந்து முப்பது அடி நீள ஆர்.வி.யில் (உள்ளேயே தங்கிச் சமைக்கும் வசதியுள்ள பயண வண்டியில்) கனடா வழியாக வாஷிங்டன் மாநிலத்துக்குத் திரும்ப வேண்டும், போகும்போது முழுவதும் அலாஸ்கா நெடுஞ்சாலையிலேயே போய்விட்டதால் வேறு வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. நானும் என் மனைவியும் ஏறக்குறைய அதே நீளமுள்ள வண்டியில் வேறு வழியில்தான் திரும்பினோம். ஆனால் வரைபடத்தில் கண்ணில் படும் இரண்டு மாற்றுச் சாலைகளில் ஒன்றை மட்டுமே உங்களுக்குப் பரிந்துரைப்பேன்.

நான் பரிந்துரைக்காதது, சிக்கன் என்ற சிற்றூரைத் தாண்டி மலைமுகடுகளின் மேலேயே கனடாவின் யூகான் பகுதியிலுள்ள டாசன் சிட்டிக்குச் செல்லும் 'டாப் ஆஃப் தி வேர்ல்ட்' நெடுஞ்சாலை. காட்சிக்கு அதற்கு இணை குறைவு என்பதை மறுக்கவில்லை. என் மனைவிக்கு அதன் மீதுதான் ஆசை இருந்தது. ஆனால் பெரும்பகுதி சரளைச் சாலை. மழை பெய்தால் ஓரங்கள் இளகிவிடும். அங்குள்ள எல்லைச் சாவடி கோடைக்காலத்தில் மட்டுமே, அதுவும் பகல்நேரக் கணக்கில்தான் திறந்திருக்கும். கோடையில் யூகான் நேரம் அலாஸ்கா நேரத்தைவிட ஒரு மணி நேரம் முந்தியது என்பதால், எந்தப் பக்கத்துக் கடிகாரப்படி சாவடி மூடப்படுகிறது என்பதையும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். பூட்டிய சாவடியின் முன்னால், மலைமுகட்டில், இவ்வளவு நீளமான வண்டியை எங்கே திருப்புவது என்ற கேள்விக்கு எங்களுக்கு விடை கிடைக்கவில்லை. அந்த ஆசையை அதோடு விட்டுவிட்டோம்.

ஆகவே எல்லையை, அலாஸ்கா நெடுஞ்சாலையில் 24 மணி நேரமும் திறந்திருக்கும் பீவர் கிரீக் சாவடி வழியாகவே கடந்துவிடுங்கள். அதன் பிறகு டிஸ்ட்ரக்‌ஷன் பே வரையில் நிலத்தடி உறைமண் உருகியும் உறைந்தும் சாலையை அலை அலையாக மேடுபள்ளமாக்கி வைத்திருக்கும். அங்கே வேகத்தைக் குறைக்காமல் போனால் அலமாரிக் கதவுகள் திறந்து பாத்திரங்கள் தரையில் உருளும். பின்சக்கர அச்சும் அடிவாங்கும்.

புதிய வழி உண்மையில் தொடங்குவது அலாஸ்கா நெடுஞ்சாலையிலுள்ள வாட்சன் லேக் என்ற ஊருக்குச் சுமார் 22 கிலோமீட்டர் முன்னால், தெற்கே பிரியும் கேசியார் நெடுஞ்சாலையில். பிரிட்டிஷ் கொலம்பியாவின் 37ஆம் எண் சாலையான இது, கிட்வாங்கா வரை ஏறத்தாழ 725 கிலோமீட்டர் சென்று 16ஆம் எண் சாலையைத் தொடுகிறது. அதில் கிழக்கே உள்ள பிரின்ஸ் ஜார்ஜ் நகர் வரை கணக்கிட்டால் அலாஸ்கா நெடுஞ்சாலையைவிடச் சுமார் 200 கிலோமீட்டர் குறைவு. ஆனால் நேரம் அந்த அளவுக்கு மிச்சமாகாது, ஏனெனில் வடபகுதியில் சாலை குறுகலானது, பல இடங்களில் ஓரத்தில் ஒதுங்கவும் இடமில்லை. கரடிகள் சாலையோரத்திலேயே மேய்வதால் நாங்களும் அடிக்கடி வேகத்தைக் குறைத்தோம். கைப்பேசிச் சேவையும் நெடுந்தூரத்துக்குக் கிடைக்காது. இவ்வளவையும் சொன்ன பிறகும், ஏரிகளும் பனிமலைகளும் மாறி மாறி வரும் அந்தச் சாலையைத்தான் மீண்டும் தேர்ந்தெடுப்பேன்.

கேசியார் வழியில் வரும் மெசியாடின் சந்திப்பிலிருந்து 65 கிலோமீட்டர் விலகினால் கனடாவின் எல்லையோர ஊரான ஸ்டூவர்ட்டும், அதையடுத்து அலாஸ்காவுக்குச் சொந்தமான ஹைடரும் வரும். ஹைடருக்குள் நுழையும்போது அமெரிக்கச் சாவடி கிடையாது. ஆனால் திரும்பும்போது கனடா சாவடியில் மறுபடியும் விசாரிப்பார்கள். சிறிது தூரப் பயணம்தானே என்று கடவுச்சீட்டை ஸ்டூவர்ட்டில் நிறுத்திய வண்டியிலேயே விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

பிரின்ஸ் ஜார்ஜுக்குத் தெற்கே 97ஆம் எண் சாலையில் காஷ் கிரீக் வந்து, ஃப்ரேசர் பள்ளத்தாக்கு வழியாக ஹோப்பை அடைந்து, ஆபட்ஸ்ஃபோர்ட்–சூமாஸ் சாவடியில் எல்லையைக் கடந்தால் வான்கூவர் நெரிசலில் சிக்க வேண்டியதில்லை. ஆர்.வி. என்றால் அதிகாரிகள் உள்ளே ஏறிக் குளிர்பதனப் பெட்டியைத் திறந்து பார்ப்பது உண்டு. ஆகவே பழம், காய்கறி, இறைச்சி எது இருந்தாலும் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். கனடாவுக்குள் நுழையும்போது கரடிகளுக்கான மிளகுத்தெளிப்பான் இருக்கலாம், மனிதர்களுக்கெதிரான தெளிப்பான் கூடாது. கைத்துப்பாக்கியைக் கொண்டுசெல்லவே எண்ணாதீர்கள். கனடாவில் கஞ்சா சட்டப்படி விற்கப்பட்டாலும் அதை எல்லை தாண்டிக் கொண்டுவருவது குற்றம். நாய் உடன் வருகிறதென்றால் அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையத்தின் இறக்குமதிப் படிவத்தை முன்னதாகவே நிரப்பி, ரசீதைக் கையில் வைத்திருங்கள்.

கேசியாரில் திரும்புவதற்கு முன் அந்த 22 கிலோமீட்டரை முன்னோக்கி ஓட்டி, வாட்சன் லேக்கில் எரிபொருளை முழுவதும் நிரப்பிக்கொண்டு சந்திப்புக்குத் திரும்பி வாருங்கள். அடுத்த பெரிய நிறுத்தமான டீஸ் லேக் அந்தச் சந்திப்பிலிருந்து சுமார் 235 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. எரிபொருள் மட்டுமே காரணமில்லை. காட்டுத்தீ காலத்தில் கேசியார் மூடப்பட்டால் அதற்கு மாற்றுப்பாதை எதுவும் கிடையாது. வாட்சன் லேக்கில் நிற்கும்போது 'டிரைவ் பிசி' தளத்தில் சாலை நிலவரத்தைப் பார்த்துவிட்டால், மூடியிருக்கும் பட்சத்தில் அங்கிருந்தே அலாஸ்கா நெடுஞ்சாலையில் கிழக்கே தொடரலாம்.