பியானோவுக்குள்ள திருகாணி எதுக்கு?

கேள்வி: அண்ணே, கூட வேலை செய்யிற பொண்ணு கூப்பிட்டாளேன்னு போன சனிக்கிழமை ஜார்ஜ்டவுன்ல ஒரு கச்சேரிக்கு போனேன், டிக்கெட் நாப்பது வெள்ளி. பியானோ வாசிப்பாங்கன்னு பாத்தா மனுஷன் மூடிய தொறந்து உள்ள கைய விட்டு கம்பிய சொரண்டுறாரு, திருகாணி, ரப்பர்லாம் சொருகுறாரு, பக்கத்துல ஒரு தம்பி லேப்டாப்ப வெச்சிக்கிட்டு அதே சத்தத்த கொரகொரன்னு திருப்பி விடுறாரு. ஒரு பாட்டு கூட இல்ல, கடைசி ஃபெர்ரிய விட்டதுதான் மிச்சம். இது இசையா, இல்ல ஏமாந்துட்டேனா?
- வாசகி, பட்டர்வொர்த்

பதில்: ஏமாறல தங்கச்சி. நானும் அங்கதான் பின்வரிசைல ஃபேனுக்கு கீழ உக்காந்திருந்தேன்.

அந்த திருகாணி கதை பழசு. 1940-ல சியாட்டில்ல ஜான் கேஜ்னு ஒருத்தர் ஒரு டான்ஸுக்கு தாளவாத்தியமா வெச்சி மியூசிக் போட நெனச்சாரு, மேடைல அதுக்கு எடமில்ல, இருந்தது ஒரு பியானோதான், சரின்னு கம்பிங்களுக்கு நடுவுல திருகாணி அது இதுன்னு சொருகிப் பாத்தா ஒரு கட்டைல மணிச்சத்தம், இன்னொன்னுல மரத்த தட்டுற சத்தம்னு வந்துருச்சு. கட்டை 88 தான், ஆனா உள்ள கம்பி 200-க்கு மேல, நெறைய சுரத்துக்கு மூணு மூணு கம்பி, அதான் சொருக அவ்ளோ எடம். லேப்டாப் தம்பியோட வேலையும் புதுசில்ல, 1948-லயே பாரிஸ் ரேடியோல பியர் ஷெஃபர் ரயில் சத்தத்த இசைத்தட்டுல பதிஞ்சு அத வெச்சே இசை பண்ணிட்டாரு. இப்ப மைக் புடிக்கிற சத்தத்த அங்கயே ஒடச்சு திருப்பி விடுறாங்க, அவ்ளோதான்.

இப்பிடி எழுதி வெக்காம கையில வர்றத வாசிக்கிறது நமக்கும் தெரியாததா, ஆலாபனைய எழுதி வெச்சா பாடுறாங்க? ஆனா ரெண்டும் ஒன்னுதான்னு சொல்ல மாட்டேன். அங்க ராகம்னு வேலி இருக்கு, தோடின்னா தோடிக்குள்ளதான் சுத்தணும், கேக்குறவங்களுக்கும் வழி தெரியும். இங்க வேலியே இல்ல, மெட்டத் தேடினா தலவலிதான். கடம் வித்வான் பானை வாய வயித்துல அமுக்கி கும்முன்னு ஒன்னு எடுப்பாரே, அதுல என்ன ராகத்த கண்டு கைதட்டுறோம்? அந்தக் காதோட போகணும்.

ஜிங்க் கூரைல மழை கொட்டுனப்ப பியானோக்காரர் கைய எடுத்துட்டு சும்மா இருந்தாரு பாத்தீங்களா, மழை கொறைய கொறைய ஒரே ஒரு கம்பிய மட்டும் தொட்டாரு, எனக்கு நாப்பது வெள்ளி அதுலயே வந்துருச்சு. கடைசி இருபது நிமிஷம் இழுவைதான், தம்பி வால்யூம ஏத்திக்கிட்டே போனாரு, பியானோவே கேக்கல.

கேள்வி: எங்க பையனும் இந்த மாதிரி ஒரு கச்சேரிய பாத்துட்டு வந்து வீட்டு பியானோல கைய விடுறான். கெட்டுப் போகாதா?
- வாசகர், செந்தூல்

பதில்: தெரிஞ்சவங்க எந்தக் கம்பில எவ்ளோ தூரத்துல சொருகணும்னு அளவு பாத்துதான் வைப்பாங்க. பையன் குத்துமதிப்பா பண்ணா சுருதி போயிரும், வெரல் வேர்வை பட்டா கம்பி துரு புடிக்கும், நம்ம ஊரு புழுக்கத்துக்கு கேக்கவே வேணாம். டியூனருக்கு வேற தனியா அழணும். எவர்சில்வர் தட்டு, ரப்பர் பேண்ட் குடுங்க, இப்போதைக்கு அது போதும்.