மைதானத்தின் பெயர் விலைக்குப் போகும்போது: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: எங்கள் கிளப் மைதானத்துக்கு மூன்று தலைமுறையாக ஒரே பெயர். கேலரியைப் பழுதுபார்க்கப் பணம் இல்லை. பத்து ஆண்டுக்குப் பெயர் உரிமை கேட்டு ஒரு நிறுவனம் வந்திருக்கிறது. பணத்தையும் வாங்கிக்கொண்டு பழைய பெயரையும் காப்பாற்ற முடியுமா?

பதில்: முடியும். முழுப் பெயரையும் தூக்கிக் கொடுப்பதைத் தவிர வேறு வழியே இல்லை என்பதுபோல்தான் நிறுவனத்தின் ஆட்கள் முதல் கூட்டத்தில் பேசுவார்கள். பேரம் அங்கேதான் தொடங்குகிறது, அங்கே முடிந்துவிடுவதில்லை.

முதலில், மைதானத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து விற்க முடியுமா என்று பாருங்கள். நுழைவாயில், கேலரி, பெவிலியன், பந்து வீசும் முனை, ஸ்கோர்போர்டு, ஆடுகளம் என்று ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர் வைக்கலாம். அமெரிக்காவின் கிரீன் பே பேக்கர்ஸ் அணி, அதை நிறுவியவர்களில் ஒருவரின் பெயர் தாங்கிய 'லாம்போ ஃபீல்டு' என்பதைத் தொடாமல் வாயில்களின் பெயரை மட்டும் நிறுவனங்களுக்குக் கொடுக்கிறது.

லாஸ் ஏஞ்சலிஸ் மெமோரியல் கொலிசியத்தில் நடந்ததை உங்கள் நிர்வாகக் குழு கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். 1923-இல் திறக்கப்பட்ட அந்த அரங்கம், முதல் உலகப் போரில் பங்கேற்ற வீரர்களின் நினைவாகக் கட்டப்பட்டது. 2018-இல் யுனைடெட் ஏர்லைன்ஸ் நிறுவனத்துடன் 16 ஆண்டுக்கு சுமார் 6.9 கோடி டாலர் ஒப்பந்தம் ஆனது. முதலில் அறிவித்த பெயர் 'யுனைடெட் ஏர்லைன்ஸ் மெமோரியல் கொலிசியம்'. அதாவது நினைவுச் சின்னமே விமான நிறுவனத்துக்கு எழுப்பியதுபோல் ஆகிவிட்டது. முன்னாள் படைவீரர்கள் கொதித்தார்கள். கடைசியில் 2019-இல் ஆடுகளத்துக்கு மட்டும் 'யுனைடெட் ஏர்லைன்ஸ் ஃபீல்டு' என்று பெயர் வைத்து, அரங்கத்தின் பெயரை அப்படியே விட்டார்கள். முதல் நாளே இதைச் செய்திருந்தால் ஓராண்டுச் சண்டை மிச்சமாகியிருக்கும்.

இரண்டாவது வழி, நிறுவனமே பழைய பெயரைக் காப்பாற்றப் பணம் கொடுப்பது. கேட்க வேடிக்கையாக இருக்கும், ஆனால் நடந்திருக்கிறது. ஜெர்மனியின் ஹாம்பர்க் அரங்கம் 2001 முதல் ஏஓஎல், எச்எஸ்எச் நோர்ட்பாங்க், இம்டெக் என்று மூன்று நிறுவனப் பெயர்களைச் சுமந்தது. 2015-இல் ஒரு தொழிலதிபர் பெயர் உரிமைக்குப் பணம் கொடுத்து, 'ஃபோக்ஸ்பார்க்ஸ்டேடியன்' என்ற பழைய பெயரைத் திரும்ப வைத்தார். நூரம்பர்க்கில் 2017-இல் ஒரு வங்கி பெயர் உரிமையைப் பெற்றது. ஆனால் தன் பெயரைப் போடாமல், 1954 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் கோல் அடித்த உள்ளூர் நாயகர் மாக்ஸ் மோர்லாக்கின் பெயரைச் சூட்டியது. இங்கிலாந்தின் நியூகாஸிலில் நடந்தது இன்னும் விசித்திரம். 2011-இல் கிளப்பின் உரிமையாளர் செயின்ட் ஜேம்ஸ் பார்க்கின் பெயரை எடுத்துவிட்டுத் தன் கடை நிறுவனத்தின் பெயரில் 'ஸ்போர்ட்ஸ் டைரக்ட் அரீனா' என்று மாற்ற, ரசிகர்கள் அதை ஏற்கவே இல்லை. மறு ஆண்டு ஜெர்சி ஸ்பான்சராக வந்த வோங்கா பெயர் உரிமையையும் சேர்த்து வாங்கி, பழைய பெயரைத் திருப்பிக் கொடுத்தது. வோங்கா அதிக வட்டிக்குக் குறுகியகாலக் கடன் கொடுத்த நிறுவனம். அதற்கு இவ்வளவு மலிவாக நல்ல பெயர் வேறு எங்கே கிடைத்திருக்கும்! உங்களிடம் வந்திருக்கும் நிறுவனத்தின் வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் உங்கள் ரசிகர்களே என்றால், இந்த யோசனையைத் தயங்காமல் முன்வையுங்கள்.

மூன்றாவது, ஸ்பான்சர் பெயரைப் பழைய பெயரின் முன்னால் ஒட்டுவது. லண்டன் ஓவல் மைதானம் ஃபாஸ்டர்ஸ் ஓவல், ஏஎம்பி ஓவல், பிரிட் ஓவல் என்று மாறி, 2011-இல் கியா ஓவல் ஆனது. முன்னால் வந்தவர்கள் போய்விட்டார்கள், ஓவல் நிற்கிறது. இந்த முறையில் கெட்டுப்போகும் இடம் ஒன்று உண்டு. முதல் சீசனில் முழுப் பெயரும் இருக்கும். லோகோவைத் திருத்தும்போது பழைய பெயர் பொடி எழுத்தாகும். அடுத்து டிக்கெட்டிலிருந்து காணாமல் போகும். அதனால் ஒப்பந்தத்தில் மூன்று வரிகளைச் சேருங்கள்: இரண்டு பெயர்களின் எழுத்து உயரமும் ஒன்றாக இருக்க வேண்டும், சுருக்கி எழுதினால் நிறுவனத்தின் பெயர்தான் விடுபட வேண்டும், கிளப்பின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் லோகோவை மாற்றக் கூடாது.

கேள்வி: பலகை மாற்றும் செலவு யாருடையது? ஒப்பந்தத் தொகையிலேயே அடக்கமா?

பதில்: அடக்கம் என்று விட்டால் முதல் ஆண்டுப் பணத்தில் கணிசமான பங்கு அதிலேயே போய்விடும். தொகை தனி, மாற்றும் செலவு தனி, ஒப்பந்தம் முடிந்தபின் கழற்றும் செலவும் தனி என்று எழுதுங்கள். மூன்றாவதைத்தான் எல்லோரும் மறப்பார்கள். கூரை எழுத்துகள், ஸ்கோர்போர்டு, ஆடுகள வண்ணம், ஊழியர் சீருடை, சீசன் பாஸ், இணையதள முகவரி, செயலி, அவசரகால வழிகாட்டி வரைபடம் என்று பட்டியல் போட்டு இணைப்பாக வையுங்கள்.

சாலைப் பலகைகளையும் பேருந்து நிறுத்தப் பெயரையும் அந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள். அவை சாலைத் துறைக்கும் போக்குவரத்துத் துறைக்கும் உரியவை. அவர்கள் மாற்ற மாதங்கள் ஆகும், சில இடங்களில் மாற்றவே மாட்டார்கள். நீங்கள் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட்டிருந்தால், பழைய பலகை நிற்கும் ஒவ்வொரு நாளும் ஒப்பந்த மீறல் என்று நிறுவனம் தொகையைக் குறைக்கப் பார்க்கும்.

கேள்வி: பெயர் கொடுத்த நிறுவனம் திவாலானால் ஒப்பந்தம் தானாக ரத்தாகிவிடும்தானே?

பதில்: அப்படி நம்பித்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். ஹூஸ்டன் பேஸ்பால் அரங்கம் 2000-இல் 'என்ரான் ஃபீல்டு' என்ற பெயரோடு திறக்கப்பட்டது. 30 ஆண்டு, 10 கோடி டாலர். கணக்கு மோசடியில் சிக்கிய எரிசக்தி நிறுவனமான என்ரான் 2001 டிசம்பரில் திவால் மனு போட்டது. ஆனால் பெயருக்கான தவணையை அது பாக்கி வைக்கவில்லை. ஆகவே சட்டப்படி ஒப்பந்தம் உயிரோடு இருந்தது. உலகமே சிரிக்கும் பெயரை நெற்றியில் வைத்துக்கொண்டிருந்த ஆஸ்ட்ரோஸ் அணி, 2002-இல் 21 லட்சம் டாலர் கொடுத்து அதைத் திரும்ப வாங்கியது. சில மாதங்களில் 'மினிட் மெய்ட் பார்க்' ஆனது.

பல நாடுகளின் திவால் சட்டம், நடப்பில் உள்ள ஒப்பந்தத்தை அந்த நிறுவனத்தின் சொத்தாகவே பார்க்கிறது. 'திவாலானால் முடிவு' என்று எழுதி வைத்தாலும் நீதிமன்றத்தில் அது செல்லாமல் போகலாம். மயாமியின் கூடைப்பந்து அரங்கத்துக்கு எஃப்டிஎக்ஸ் என்ற கிரிப்டோ நாணயச் சந்தை நிறுவனம் 2021-இல் 19 ஆண்டுக்கு 13.5 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டு, 2022 நவம்பரில் கவிழ்ந்தது. அங்கும் நீதிமன்றம் போய்த்தான் 2023 ஜனவரியில் பெயரை நீக்க முடிந்தது.

உங்களுக்குப் பாதுகாப்பு தருபவை வேறு. ஓராண்டுத் தொகையை முன்பணமாக வாங்குங்கள். கழற்றும் செலவுக்கு வங்கி உத்தரவாதம் வாங்குங்கள். தவணை 30 நாள் தாமதித்தால் பெயரை நிறுத்தும் உரிமையை வைத்துக்கொள்ளுங்கள். நிறுவனம் வேறொருவருக்கு விற்கப்பட்டாலோ பெயரை மாற்றிக்கொண்டாலோ புதுப் பெயர் தானாக வராது, உங்கள் சம்மதம் வேண்டும் என்று தனி விதி எழுதுங்கள். மெல்போர்ன் டாக்லாண்ட்ஸ் அரங்கம் 2000-இல் கொலோனியல், 2002-இல் டெல்ஸ்ட்ரா, 2009-இல் எதிஹாட், 2018-இல் மார்வெல் என்று போனது. பதினெட்டு ஆண்டில் நான்கு பெயர் வைத்தால் எந்தப் பெயரும் ஒட்டாது, அடுத்து வாங்க வருபவரும் விலையைக் குறைத்துத்தான் கேட்பார்.

ஒருவர் நடத்தையால் மற்றவர் பெயர் கெட்டால் விலகிக்கொள்ளலாம் என்ற நன்னடத்தை விதி இரண்டு பக்கமும் வெட்டும் என்பதையும் மறக்காதீர்கள். லூயிவில் பல்கலைக்கழகம் 2018-இல் பாப்பா ஜான்ஸ் பீட்சா நிறுவனத்தைத் தொடங்கியவரின் இனவெறிப் பேச்சால் அரங்கத்திலிருந்து அந்தப் பெயரை எடுத்தது. மறுபுறம், யார்க்ஷயர் கிரிக்கெட் கிளப்பின் இனவெறிப் புகார் விவகாரத்தில் 2021-இல் அதன் மைதானமான ஹெடிங்லியை விட்டு ஓடியது ஸ்பான்சர்தான்.

கேள்வி: உலகக் கோப்பை நடக்கும்போது மட்டும் அரங்கங்களின் பெயர் ஏன் மாறுகிறது?

பதில்: ஃபிஃபா, ஐரோப்பியக் கால்பந்தை நடத்தும் யூஇஎஃப்ஏ போன்ற அமைப்புகள் தங்கள் ஸ்பான்சர்களைத் தவிர வேறு எந்த விளம்பரமும் இல்லாத அரங்கத்தைக் கேட்கும். 2024 ஐரோப்பியக் கோப்பையில் அலையன்ஸ் அரீனா 'மியூனிக் ஃபுட்பால் அரீனா' ஆனது. டப்ளினின் அவைவா ஸ்டேடியம் 2011 யூரோப்பா லீக் இறுதியாட்டத்துக்கு 'டப்ளின் அரீனா' ஆனது. கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: அந்த நாட்களுக்குத் தொகையைக் கழிப்பதா, எழுத்துகளை மூடி மறைக்கும் செலவு யாருடையது என்பதை முன்பே எழுதிவிடுங்கள். பெரிய போட்டி கிடைத்தபிறகு பேசினால் நிறுவனத்தின் கைதான் ஓங்கும்.

கேள்வி: ரசிகர்களால் பெயர் மாற்றத்தைத் தடுக்க முடியுமா? பாரம்பரியக் கட்டடம் என்று அறிவிக்க வைத்தால் போதுமா?

பதில்: பாரம்பரிய அறிவிப்பு கட்டடத்தைக் காக்கும், பெயரைக் காக்காது. சியாட்டில் அரங்கத்தின் 1962 உலகக் கண்காட்சிக் காலக் கூரை பாதுகாக்கப்பட்ட சின்னம். புதுப்பித்தபோது அதை அப்படியே தாங்கி நிறுத்திவிட்டு, அதன் அடியில் புது அரங்கத்தைக் கட்டினார்கள். பெயர் மட்டும் 'கீ அரீனா'விலிருந்து 'கிளைமேட் பிளெட்ஜ் அரீனா' ஆயிற்று. இங்கிலாந்தில் ரசிகர் மன்றங்கள் 2011 சட்டத்தின்கீழ் மைதானத்தைச் 'சமூக மதிப்புள்ள சொத்து' என்று பதிய வைக்கின்றன. மைதானம் விற்பனைக்கு வந்தால் வாங்க முயல அவர்களுக்கு ஆறு மாத அவகாசம் கிடைக்கும். பெயருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இருந்தாலும் மேல்முகப்பில் ஒளிரும் எழுத்து பொருத்தத் தனி அனுமதி தேவைப்படுவதால், பாரம்பரிய அந்தஸ்து பலகையின் அளவையாவது கட்டுப்படுத்தும்.

உண்மையான பிடி, சொத்து யாருடையது என்பதில் இருக்கிறது. நிலம், கட்டடம், நடத்தும் உரிமை மூன்றும் மூன்று பேரிடம் இருக்கலாம். பெயர் உரிமை யாரிடம் என்பது குத்தகைப் பத்திரத்தில்தான் இருக்கும். முதலில் அதைத் தேடிப் படியுங்கள். பொதுச் சொத்தாக இருந்தால் டெண்டர் நிபந்தனைகள் எழுதப்படும் முன்பே கேள்வி எழுப்புங்கள். ஒப்பந்தம் ஆனபின் கத்தினால் ஆண்டுகள் காத்திருக்க நேரும். சான் பிரான்சிஸ்கோ நகர வாக்காளர்கள் 2004-இல் வாக்களித்து, கேண்டில்ஸ்டிக் பார்க்கின் பழைய பெயரை மீட்டார்கள். ஆனால் அப்போது மான்ஸ்டர் கேபிள் ஒப்பந்தம் ஓடிக்கொண்டிருந்ததால் 2008-இல் அது முடியும்வரை பொறுக்க வேண்டியிருந்தது. (அந்தக் கேபிள் நிறுவனத்துக்கும் லாபமில்லை, அதே பெயரிலிருந்த வேலைவாய்ப்பு இணையதளத்தின் விளம்பரம் என்றே பலர் நினைத்தார்கள்.) மாறாக ஃப்ளோரிடா அட்லாண்டிக் பல்கலைக்கழகத்தில் தனியார் சிறை நடத்தும் நிறுவனத்தின் பெயரை 2013-இல் அறிவித்தவுடனே மாணவர்கள் எழுந்தார்கள், சில வாரங்களில் நிறுவனமே விலகிக்கொண்டது.

கேள்வி: ரிக்லி ஃபீல்டு என்பதே சூயிங்கம் நிறுவனத்தின் பெயர்தானே? அதைப் பாரம்பரியம் என்று கொண்டாடுகிறவர்கள் இன்றைய நிறுவனங்களை ஏன் திட்டுகிறார்கள்?

பதில்: நியாயமான கிண்டல். ரிக்லி, அந்த மைதானத்தில் ஆடும் சிகாகோ கப்ஸ் பேஸ்பால் அணியின் சொந்தக்காரராக இருந்தவர். அவர் பெயர் வாடகைக்கு வந்ததல்ல, ஒப்பந்தம் முடிந்து கழன்று போகவும் இல்லை. நெதர்லாந்தின் ஐந்தோவனில் 1913-இல் பிலிப்ஸ் நிறுவனத் தொழிலாளர்களின் கிளப்பாகத் தொடங்கியதுதான் பிஎஸ்வி கால்பந்து கிளப். பிலிப்ஸ் ஸ்டேடியன் என்ற பெயரை அங்கே யாரும் விளம்பரமாகப் பார்ப்பதில்லை. ஆனால் எல்லாம் அவ்வளவு சுத்தமும் இல்லை. 1953-இல் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியை வாங்கிய மதுபான முதலாளி 'பட்வைசர் ஸ்டேடியம்' என்று வைக்கப் பார்த்தார். பேஸ்பால் ஆணையர் மறுத்தார். சரியென்று தன் குடும்பப் பெயரில் 'புஷ் ஸ்டேடியம்' என்று வைத்து, பிறகு அதே பெயரில் ஒரு பீரை இறக்கினார்கள்!

கேள்வி: புதிதாகக் கட்டும் அரங்கத்துக்கு நிறுவனப் பெயர் வைத்தாலும் எதிர்க்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். ஆர்சனல் 2006-இல் ஹைபரியை விட்டு எமிரேட்ஸ் ஸ்டேடியத்துக்குப் போனது. ஜெர்சியும் சேர்த்து சுமார் 10 கோடி பவுண்ட் ஒப்பந்தம் கட்டுமானக் கடனுக்குத் தோள் கொடுத்தது. இழக்க அங்கே பழைய பெயர் எதுவும் இல்லை. பழைய பெயரின் ஒரு துண்டையாவது புது இடத்துக்குக் கொண்டுபோக நினைத்தால், டென்வரைப் போல வாலாகச் சேர்க்கலாம். 2001-இல் 'இன்வெஸ்கோ ஃபீல்டு அட் மைல் ஹை' என்று தொடங்கிய அரங்கம் அதன்பின் பலமுறை பெயர் மாறியது. 'மைல் ஹை' மட்டும் ஒவ்வொரு முறையும் கூடவே வந்தது. இப்படிச் செய்ய நினைத்தால் அந்தப் பழைய பெயரைக் கிளப்பின் பேரில் வணிகக் குறியீடாக முதலில் பதிவு செய்துவிடுங்கள். ஒப்பந்தத்தில் அது ஸ்பான்சருக்குக் கொடுக்கும் சொத்துகளின் பட்டியலில் வரக் கூடாது. கிளப் அனுமதித்துப் பயன்படுத்தக் கொடுக்கும் குறியீடாக மட்டுமே வர வேண்டும்.