கேளுங்கள், சொல்கிறோம்: பதின்மூன்றோடு நின்ற கிளைத்தொடர்

அமெரிக்க போலீஸ்-கோர்ட் டிவி தொடர் ‘லா அண்ட் ஆர்டர்’ முதல் ஓட்டத்திலேயே இருபது சீசன் போனது. அதன் கிளையான ‘ட்ரையல் பை ஜூரி’ மட்டும் ஏன் 13 எபிசோடில் படுத்துவிட்டது?
– வாசகர், கும்பகோணம்

நடிகர் ஜெர்ரி ஆர்பாக் இறந்ததைத்தான் பலரும் காரணமாகச் சொல்வார்கள். அது பாதி உண்மை. தாய்த்தொடரில் 1992 முதல் 2004 வரை துப்பறியும் போலீஸ் லென்னி பிரிஸ்கோவாக வந்த அவரை நம்பித்தான் கிளையைத் தொடங்கினார்கள். 2004 டிசம்பர் 28 அன்று காலமானார். 2005 மார்ச் 3-இல் என்பிசி சேனலில் ஒளிபரப்பு தொடங்கியபோது கையில் இருந்தது அவர் நடித்த இரண்டே எபிசோடுகள்.

பெரிய கோளாறு கட்டுமானத்தில். தாய்த்தொடரில் முன்பாதி போலீஸ், பின்பாதி கோர்ட். ‘யார் செய்தது?’ என்பது பாதி தூரம் இழுக்கும், ‘தண்டனை கிடைக்குமா?’ மீதி தூரம் இழுக்கும். கிளைத்தொடர் முதல் கேள்வியைக் கழற்றிவிட்டது. அரசு வக்கீல் ட்ரேசி கைப்ரி (பிபி நியூவெர்த்) ஒரு பக்கம் வழக்கைத் தயார் செய்வார். எதிர்தரப்பு வக்கீல் தன் அறையில் போடும் திட்டத்தையும் நமக்குக் காட்டிவிடுவார்கள். விவரம் தெரிந்தவர்களுக்கு அது விருந்து. ஆனால் முன்பே பார்த்த வித்தையைக் கோர்ட்டில் மறுபடி பார்க்கும்போது திடுக்கிட என்ன இருக்கிறது? வாய்க்காலில் வாட்டம் இல்லாவிட்டால் தலைமதகில் எவ்வளவு திறந்தும் கடைமடைக்குத் தண்ணீர் ஏறாது.

போதாக்குறைக்கு வெள்ளி இரவு 10 மணி. என்பிசியில் 12 வந்தன. கடைசி எபிசோடு 2006 ஜனவரியில் ‘கோர்ட் டிவி’ என்ற வேறு சேனலில் வந்தது. அந்த செட்டை 2006-இல் ‘கன்விக்‌ஷன்’ என்ற தொடருக்குக் கொடுத்தார்கள். அதுவும் 13-தான். செட்டின் ராசி!

எந்த வரிசையில் பார்ப்பது?
– வாசகி, மன்னார்குடி

இரண்டு இடத்தில்தான் கவனம் வேண்டும், அங்கே ஒரு தொடரில் தொடங்கும் கதை இதில் வந்து முடியும். தாய்த்தொடரின் 15-ஆம் சீசனில் ‘டூம்ஸ்டோன்’ பார்த்துவிட்டு இதன் ‘ஸ்கெலிட்டன்’. இன்னொரு கிளையான ‘எஸ்.வி.யு.’ 6-ஆம் சீசனில் ‘நைட்’ முடித்துவிட்டு இதன் ‘டே’. மாற்றிப் போட்டால் கதை தலைகீழ்.

ஜூரியை எப்படிப் பொறுக்குகிறார்கள்?
– வாசகர், மயிலாடுதுறை

ஜூரி என்பது வழக்கைக் கேட்டு முடிவு சொல்லும் பொதுமக்கள் குழு. கதை நடக்கும் நியூயார்க்கில் அது இரண்டு வகை. வழக்குத் தொடரலாமா என்று பார்ப்பது கிராண்ட் ஜூரி: 16 முதல் 23 பேர், அதில் 12 பேர் ஒப்ப வேண்டும். விசாரணை ஜூரியில் 12 பேர். விடுதலையோ தண்டனையோ, ஒருமனதாக இருக்க வேண்டும். தேர்வின்போது காரணம் சொல்லாமலே ஆளை நிராகரிக்க இரு தரப்புக்கும் உரிமை உண்டு: மிகக் கடுமையான ‘ஏ’ வகைக் குற்றத்துக்கு 20 பேர், பி, சி வகைக்கு 15, மற்றவற்றுக்கு 10. பாதி வழக்கு இங்கேயே முடிவாகிவிடும் என்பார்கள்.

எங்கள் யூடியூப் தொடரில் வரும் அரசு வக்கீலை வைத்துத் தனிக் கிளைத்தொடர் எழுதுகிறோம். மடை திறப்பதில் தகராறு, கொலை, தஞ்சாவூர் செஷன்ஸ் கோர்ட். ஜூரி வைக்கலாமா?
– வாசகர், திருவாரூர்

வேண்டாம். மனைவியின் காதலரைச் சுட்டுக் கொன்றதாகக் கடற்படை அதிகாரி நானாவதி மீது நடந்த 1959 வழக்கில் பம்பாய் ஜூரி 8-க்கு 1 என்று ‘குற்றவாளி அல்ல’ என்றது. நீதிபதி அதை ஏற்காமல் உயர்நீதிமன்றத்துக்கு அனுப்பினார். பிறகு வந்த 1973 குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலேயே ஜூரிக்கு இடம் இல்லாமல் போனது. மரச்சுத்தியலும் வேண்டாம், நம் நீதிபதிகள் தட்டுவதில்லை. குற்றம் சாட்டப்பட்டவரை ‘முதல் எதிரி’, ‘இரண்டாம் எதிரி’ என்றும், அரசு தரப்புச் சாட்சியை ‘அ.சா. 1’ (அரசு சாட்சி 1) என்றும் எழுதுங்கள்.

திருப்பம் வேண்டுமா, பிறழ் சாட்சியைப் பிடியுங்கள். பக்கத்து வயல்காரர் போலீசிடம் ஒன்று சொல்லி, கூண்டில் ஏறி மாற்றிச் சொல்கிறார். உடனே அரசு வக்கீல் நீதிமன்ற அனுமதி பெற்றுத் தன் சாட்சியையே குறுக்கு விசாரணை செய்யலாம். போலீசிடம் தந்த வாக்குமூலத்தில் கையெழுத்து இருக்காது. அது தனியாகச் சாட்சியம் ஆகாது, முரணைக் காட்டத்தான் உதவும். ‘போலீசிடம் சொன்னாயே’ என்றதும் வழக்கு வென்றதாக எழுதினால் எந்த வக்கீலும் சிரிப்பார்.

அரசு தரப்புச் சாட்சிகள் முடிந்ததும் நீதிபதி எதிரியை நேரடியாகக் கேட்கும் கட்டத்தை விட்டுவிடாதீர்கள். 1973 சட்டத்தின் பிரிவு எண்ணை வைத்து வக்கீல்கள் இன்னும் ‘313 கேள்வி’ என்றே சொல்வார்கள். அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த புதுச் சட்டத்தில் அது பிரிவு 351. சத்தியப்பிரமாணம் கிடையாது, எதிரி பேசாமலே நிற்கலாம். உங்கள் நடிகருக்கு நல்ல ‘குளோஸ்-அப்’ அங்கேதான் இருக்கிறது.