38 நாள்

வணக்கம் சார்,

பெங்களூர் சந்தாபுராவில் இருக்கிறோம். பையன் பிறந்தது 2020 ஜூலை 9. ஒன்றாம் வகுப்புக்கு ஜூன் 1 அன்று 6 வயது முடிந்திருக்க வேண்டுமாம். 38 நாள் குறைகிறது, யுகேஜியையே இன்னொரு வருஷம் படிக்கட்டும் என்கிறார்கள் பள்ளியில். சேலத்தில் நாத்தனார் மகனும் அதே ஜூலைதான். அவன் இந்த ஜூனில் இரண்டாம் வகுப்பு! "பேசாமல் ஓசூரில் சேர்த்துவிடு" என்கிறார் மாமியார். என்ன செய்யலாம்?

ர.

அன்புள்ள ர.,

சேலத்துப் பையன் முந்திக்கொண்டது கெட்டிக்காரத்தனத்தால் அல்ல. தமிழ்நாட்டில் 5 நிரம்பினால் ஒன்றாம் வகுப்பு. கர்நாடகத்தில் 6 என்று 2022இல் ஆணை போட்டார்கள். பெற்றோர் கேட்டுக்கொண்டதில் அது தள்ளிப்போய், 2025இல் அந்த ஒரு வருஷத்துக்கு மட்டும் 5 வயது 5 மாதம் போதும் என்றார்கள். மறுபடி தளர்த்துவார்கள் என்று நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம்.

ஓசூர் பக்கம்தான். ஆனால் அத்திப்பள்ளி நெரிசலில் தினமும் வேனில் தூங்கி வழியும் பிள்ளையை நினைத்தால் எனக்கு மனசு ஒப்பவில்லை.

என் மகளை 4 வயது 10 மாதத்தில் ஒன்றாம் வகுப்பில் சேர்த்தோம். அல்சூரில் அப்போது யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. எழுத்துக்கூட்டி நன்றாகவே படிப்பாள். டிபன் மட்டும் தினமும் அப்படியே திரும்பி வந்தது. தயிர்சாதம் பிடிக்கவில்லை போல என்று நினைத்து, பூரி வைத்தோம், இட்லி வைத்தோம். மூன்றாம் வாரம்தான் விஷயம் தெரிந்தது: மூடியைத் திறக்க அவள் விரலுக்கு வலு இல்லை. மிஸ்ஸிடம் கேட்கப் பயம். மூன்று வாரம் பட்டினி கிடந்திருக்கிறாள், நாங்கள் வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்லிக்கொண்டிருந்தோம்.

அதனால் இந்த வருஷம் போகட்டும் என்றுதான் சொல்வேன். ஆனால் அதே புத்தகம், அதே பெஞ்சு என்றால் பையன் சலித்துப்போவான், தான் ஃபெயில் என்றும் நினைத்துக்கொள்வான். புதிதாக என்ன செய்யவைப்பீர்கள் என்று பள்ளியில் கேளுங்கள். மழுப்பினால் வேறு இடம் பாருங்கள். சாயங்காலம் தெருப்பிள்ளைகளோடு விடுங்கள், கன்னடம் தானாக வந்துவிடும். மாமியாரிடம் இதெல்லாம் விளக்க வேண்டாம், கர்நாடகத்தில் ரூல் இப்படி என்று சொல்லிவிடுங்கள்.

அப்புறம், புது டிபன் பாக்ஸ் வாங்கும்போது கடையிலேயே அவனைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.