பாட்டைப் போட்டாச்சு... அப்புறம்?

சொந்தமாகப் பாட்டு போட்டு, சொந்தமாகவே அதைச் சுமந்து திரிகிறவர்களின் கேள்விகள் இந்த இதழில். பதில் சொல்பவனும் அதே கட்சிதான்.

அண்ணா, என் முதல் பாட்டு போன வெள்ளிக்கிழமை ஸ்பாட்டிஃபையில் வந்தது. அன்று ராத்திரியே தெரிந்த எல்லோருக்கும் லிங்க் அனுப்பினேன். ஒரு வாரத்தில் 83 ப்ளே. அதில் பாதி நானே கேட்டது. எங்கே கோட்டை விட்டேன்?

வெள்ளிக்கிழமை ஒன்றும் விடவில்லை தம்பி. அதற்கு முந்தைய மாதம் விட்டிருக்கிறீர்கள். ‘ஸ்பாட்டிஃபை ஃபார் ஆர்ட்டிஸ்ட்ஸ்’ பக்கத்தில், ப்ளேலிஸ்ட் தொகுக்கும் அவர்களுடைய எடிட்டர்களுக்குப் பாட்டை அனுப்ப ஒரு படிவம் உண்டு. வெளியாகாத பாட்டை மட்டும்தான் அதில் அனுப்ப முடியும். வெளியான மறுநிமிடம் அந்தக் கதவு சாத்தியாச்சு. குறைந்தது 7 நாள் முன்னால் அனுப்பினால், எடிட்டர் கண்டுகொள்ளாவிட்டாலும் உங்களைப் பின்தொடர்பவர்களின் ‘ரிலீஸ் ரேடார்’ என்ற புதுப்பாட்டுப் பட்டியலில் பாட்டு போய் உட்காரும். அதனால் நான் வெளியீட்டுத் தேதிக்கு நான்கு வாரம் முன்பே டிஸ்ட்ரிப்யூட்டரிடம் (நம் பாட்டை ஸ்பாட்டிஃபை போன்ற தளங்களுக்குக் கொண்டு சேர்ப்பவர்) ஃபைலை ஏற்றிவிடுவேன்.

அந்தப் படிவத்தில் பாட்டைப் பற்றிச் சொல்ல 500 எழுத்து இடம் தருவார்கள். முதல் தடவை நான் எழுதியது: ‘மனதை உருக்கும் மெல்லிசை’. படித்தவருக்கு என்ன புரிந்திருக்கும்? அடுத்த பாட்டுக்கு இப்படி எழுதினேன்: ‘இரவு ஷிஃப்ட் முடிந்து நடந்து வரும்போது ஃபோனில் முனகி வைத்த மெட்டு. ஒரு நைலான் கிடார், ஒரு குரல், டிரம்ஸ் கிடையாது. 2 நிமிடம் 40 விநாடி.’ அதையும் அவர்கள் எடுக்கவில்லை, அது வேறு கதை. ஆனால் அந்த மூன்று வரிதான் பிறகு யூடியூப் விளக்கம், ரீல்ஸ் வாசகம், ரேடியோவுக்குப் போட்ட மெயில் எல்லாவற்றுக்கும் உதவியது.

ஒன்று கேட்க மறந்தேன். உங்கள் பெயரில் வேறு யாராவது பாடுகிறார்களா என்று தேடிப் பார்த்தீர்களா? என் இரண்டாவது பாட்டு, என் பெயரே கொண்ட ஒரு மெட்டல் பாடகரின் பக்கத்தில் ஒன்பது நாள் குடியிருந்தது. அவருடைய ரசிகர்கள் என்ன நினைத்தார்களோ!

பத்தாயிரம் ப்ளே வாங்கித் தருகிறேன் என்று ஒரு ப்ளேலிஸ்ட்காரர் இன்பாக்ஸில் நச்சரிக்கிறார். கொடுத்துப் பார்க்கலாமா சார்?

நான் கொடுத்துப் பார்த்தவன். அதனால் நீங்கள் பார்க்க வேண்டாம்.

பணம் போன மூன்றாம் நாள் கிராஃப் செங்குத்தாக ஏறியது. சுவர் எழுப்பினமாதிரி. வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். பக்கத்துக் கட்டத்தைப் பார்க்கவில்லை. ஆயிரக்கணக்கான ப்ளேவுக்கு, பாட்டைச் சேமித்து வைத்தவர்கள் நான்கு பேர். அந்த நான்கில் ஒருவர் என் தங்கை. ஆறாவது வாரம் டிஸ்ட்ரிப்யூட்டரிடமிருந்து மெயில்: செயற்கையான ஸ்ட்ரீம்கள், பாட்டு நீக்கப்படுகிறது. உண்மையாகக் கேட்ட நூற்றுச் சொச்சம் பேரின் கணக்கும் அதோடு போச்சு.

இதில் நிறைய பேர் ஏன் விழுகிறார்கள் என்பதும் தெரியும். 2024 முதல், முந்தைய 12 மாதத்தில் 1,000 ஸ்ட்ரீமைத் தொடாத பாட்டுக்கு ஸ்பாட்டிஃபை ராயல்டி தருவதில்லை. 600-இல் நிற்கிறவனுக்குக் கை பரபரக்கத்தான் செய்யும். ஆனால் போலி ஸ்ட்ரீம் பிடிபட்டால் அது அந்தக் கணக்கிலேயே சேராது. அளவு மீறினால் டிஸ்ட்ரிப்யூட்டருக்கு அபராதம். அதை உங்கள் தலையில் கட்டுகிறவர்களும் உண்டு. நிஜமான ப்ளேலிஸ்ட்காரர்களும் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. பாட்டைக் கேட்பதற்கு முன்பே எண்ணிக்கைக்கு உத்தரவாதம் தருகிறவர் அந்த ரகம் இல்லை.

ரீல்ஸில் ஆடினால்தான் பாட்டு ஓடுமாமே? எனக்கு வெட்கமாக இருக்கிறது.

என் முகமே தெரியாத ரீல்ஸ்தான் அதிகம் ஓடியது. 19 விநாடி, கிடார் மேல் கை மட்டும். பாதியில் கம்பி அறுந்தது, நான் திட்டியது, அவ்வளவுதான். ‘அந்தப் பாட்டு என்ன?’ என்று அதில் கேட்ட அளவுக்கு, அதற்கு முந்தைய பதினைந்து பதிவுகளிலும் சேர்த்துக்கூட யாரும் கேட்டதில்லை.

யூடியூபில், பார்ப்பவர்கள் எந்த விநாடியில் விட்டுப் போகிறார்கள் என்று காட்டும் கோடு ஒன்று உண்டு. அதைத் தவறாமல் பாருங்கள். என் பாட்டு ஒன்றில் 22 விநாடி ஹம்மிங். எனக்கு உயிர். கோடு எட்டாவது விநாடியிலேயே சரிந்து கிடந்தது. அன்றிலிருந்து ரீல்ஸை நேராகப் பல்லவியில் ஆரம்பிக்கிறேன். முழுப் பாட்டில் ஹம்மிங்கை மட்டும் யார் சொல்லியும் வெட்டவில்லை.

எத்தனை ஆப்பில் கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும்?

வருகிற கமென்ட்டுக்கெல்லாம் பதில் எழுத முடிகிற அளவுக்கு. எனக்கு இரண்டு.

அக்கறையாகக் கேட்கிறேன், இதில் காசு வருமா?

ஸ்ட்ரீமில் எனக்கு வருவது, கம்பி அறுந்தால் மாற்றிக்கொள்ளும் அளவுக்கு. ரசிகர்கள் நேரடியாகப் பாட்டை விலைக்கு வாங்கும் பேண்ட்கேம்ப் தளத்தில் கொஞ்சம் பரவாயில்லை. டிஜிட்டல் விற்பனையில் அவர்கள் 15 சதவீதம் எடுத்துக்கொள்கிறார்கள், டி-ஷர்ட், கேசட் போன்ற பொருளுக்கு 10. பணப் பரிமாற்றக் கட்டணமும் போக மிச்சம் நமக்கு. காசைவிட எனக்குப் பெரிதாகப்பட்டது, வாங்கியவரின் மெயில் முகவரி. ரீல்ஸ் போடும் ஆப்களில், பின்தொடர்பவர்களுக்கு நம் பதிவைக் காட்டுவதா வேண்டாமா என்று அந்தந்த ஆப்தான் முடிவு செய்கிறது. மெயில் பட்டியல் நம் கையில் இருக்கிறது.

என் பட்டியலில் 212 பேர். பாட்டு வரும்போது மட்டும் ஒரு கடிதம். போன முறை ஒருவர் பதில் போட்டிருந்தார்: ‘1:52-இல் ஒரு விரல் வழுக்குகிறதே, வேண்டுமென்றா?’ இல்லை என்று எழுதினேன். ‘மாற்றிவிடாதீர்கள்’ என்று உடனே பதில் வந்தது. மாற்றவில்லை.