நத்தார் கேக்குக்குச் சீனிப் பழங்கள்: கேள்வி பதில்

கொக்குவிலிலிருந்து: அக்கா, நீத்துப்பூசணித் தோசி செய்தால் துண்டெல்லாம் சுருங்கித் தோல் மாதிரி ஆகிறது. என்ன பிழை?

அவசரம்தான் பிழை. கெட்டிப் பாணிக்குள் துண்டை நேரே போட்டால், சீனி உள்ளே போக முதலே பாணி துண்டிலுள்ள தண்ணீரை வெளியே இழுத்துவிடும். பிறகு எவ்வளவு காய்ச்சினாலும் துண்டு நிமிராது.

சாம்பல் பூத்த, நன்றாக முற்றின காயாக எடுங்கள். தோலும் விதைச்சோறும் நீக்கிய சதை 1 கிலோவுக்குச் சீனி 1 கிலோ. ஓர் அங்குலத் துண்டுகளாக வெட்டி, முள்ளுக்கரண்டியால் எல்லாப் பக்கமும் குத்தி, தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவிடுங்கள். காலையில் நாலைந்து தண்ணீரில் அலசி, கண்ணாடி போல வரும்வரை அவியுங்கள். முதல் நாள் அரைக் கிலோ சீனி, அரை லீற்றர் தண்ணீரில் பாணி வைத்துத் துண்டுகளைப் போட்டு ஒரு கொதி வந்ததும் இறக்கி மூடுங்கள். மறுநாள் பாணியை மட்டும் வடித்து, மிச்சச் சீனியில் ஒரு பங்கைச் சேர்த்துக் காய்ச்சித் திரும்ப ஊற்றுங்கள். பாணி தேன் பதத்துக்கு வரும்வரை நாளுக்கு நாள் இப்படியே. பிறகு வடித்து, கம்பித் தட்டில் உலரவிட்டு, சீனியில் பிரட்டுங்கள்.

சுண்ணாம்புத் தண்ணீருக்கு அலுமினியச் சட்டி வேண்டாம். சுண்ணாம்பு அலுமினியத்தை அரிக்கும்.

மானிப்பாயிலிருந்து: சுண்ணாம்பு உடம்புக்குக் கூடாதே? படிகாரம் போடலாமே?

படிகாரம் துவர்ப்பை விட்டுவிட்டுப் போகும். அதனால் நான் அதைத் தொடுவதில்லை. சுண்ணாம்பிலுள்ள கல்சியம் காயிலுள்ள பெக்டின் என்ற பசைப் பொருளோடு சேர்ந்து சதையை இறுக்குகிறது. அதனால்தான் துண்டு அவிந்தும் கரையாமல் நிற்கிறது. வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பாக இருக்க வேண்டும். சுவருக்கு அடிக்கிறதை ஒருபோதும் எடுக்காதீர்கள்.

உரும்பிராயிலிருந்து: எங்கள் அம்மம்மா சுண்ணாம்பே போடாமல்தான் செய்வா. அதுதானே பழைய முறை?

அப்படியும் செய்யலாம். அரிந்து கேக் கலவைக்குள் போட அது போதும். ஆனால் கேக்கின் மேல் அலங்காரமாக வைக்கிறதென்றால் விளிம்பு கூர்மையாக நிற்க வேண்டும். அதற்குச் சுண்ணாம்பு வேண்டும்.

மறுபடி மானிப்பாய்: எவ்வளவு கழுவினாலும் சுண்ணாம்பு போகாது என்கிறார்களே?

சொல்கிறவர்கள் கலங்கின தண்ணீரில் ஊறவைத்திருப்பார்கள். ஒரு லீற்றர் தண்ணீரில் 2 கிராமுக்கும் குறைவான சுண்ணாம்புதான் கரையும். நீங்கள் ஒரு கைப்பிடி போட்டாலும் அவ்வளவுதான், மிச்சம் அடியில் தங்கிவிடும். துண்டின் குத்துகளுக்குள் ஒட்டுவது அந்த வண்டல். அதனால்தான் தெளிந்ததை மட்டும் இறுத்தெடுக்கச் சொல்கிறேன். தெளிவை எடுத்து, ஒழுங்காக அலசி, அவித்த தண்ணீரையும் ஊற்றிவிட்டால் பயப்பட ஒன்றுமில்லை. சுண்ணாம்புக் கதையை இதோடு விடுவோம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

சாவகச்சேரியிலிருந்து: முந்திரிகை (திராட்சை) குலையில் சீனி பூசி கேக்கைச் சுற்றி வைக்க ஆசை. முட்டை வெள்ளைக்கருதான் பூச வேண்டுமா?

வேண்டாம். பச்சை முட்டையில் கிருமி இருக்கலாம், அதோடு முட்டை தொடாத அயல்வீட்டுக்கும் பழத்தைக் கொடுக்க முடியாது. சீனியும் தண்ணீரும் சம அளவில் கரைத்துக் காய்ச்சி ஆறவிடுங்கள். கழுவித் துடைத்த சிறு குலைகளை அதில் ஒரு மணித்தியாலம் ஊறவிட்டு, கம்பித் தட்டில் தொட்டால் ஒட்டும் பதம்வரை வடியவிடுங்கள். பிறகு சீனியில் பிரட்டுங்கள். எங்கள் கடைச் சீனி பரும்படி, கிரைண்டரில் ஒரு சுற்று விட்டால் பனி பூத்தது போல அழகாக ஒட்டும். பூசியதைப் பிரிட்ஜில் வைக்காதீர்கள். வெளியே எடுத்ததும் வியர்த்துச் சீனி கரைந்துவிடும்.

கனடாவிலிருந்து: இங்கே கிரான்பெரிதான் கிடைக்கிறது. சரிவருமா?

அருமையாக வரும், அதன் புளிப்புக்குச் சீனி நல்ல சோடி. பாணி கொதிக்கும்போது போட்டால் தோல் வெடிக்கும், ஆறவிட்டுப் போடுங்கள்.

நல்லூரிலிருந்து: பூசின முந்திரிகையைப் பிரிட்ஜில் வைக்கலாமா?

மேலே சொல்லியிருக்கிறேன். கூடாது.

பருத்தித்துறையிலிருந்து: பாணி மறுநாள் சீனிக்கட்டியாக உறைகிறதே?

கொதிக்கத் தொடங்கின பிறகு கிண்டாதீர்கள். சட்டி ஓரத்தில் ஒட்டும் சீனியை ஈரத் துணியால் துடைத்துவிடுங்கள். அரைத் தேசிக்காய்ப் புளி விட்டால் சீனியில் ஒரு பங்கு குளுக்கோசும் பிரக்டோசுமாக உடையும், அதன்பின் இலேசில் உறையாது.

சுன்னாகத்திலிருந்து: தோடம்பழத் தோல் கைக்கிறது.

மூன்று தரம் தண்ணீர் மாற்றி அவியுங்கள். பிறகு தோசி போலத்தான், ஆனால் சுண்ணாம்பு தேவையில்லை.

யாழ் நகரிலிருந்து: அப்பாவுக்குச் சலரோகம். ஒரு துண்டு கொடுக்கலாமா?

இதில் பாதிக்கு மேல் சீனி. வைத்தியரைத்தான் கேட்க வேண்டும்.

வட்டுக்கோட்டையிலிருந்து: தோசியைப் பிரிட்ஜில் இல்லாமல் சும்மா குளிரான இடத்தில் வைக்கலாமா?

குளிரும் வேண்டாம், ஈரமும் வேண்டாம். மார்கழி மாரியில் காற்றே ஈரம். தோசியை மின்விசிறிக்குக் கீழே இரண்டு நாள் உலர்த்தி, நன்றாகக் காய்ந்த போத்தலில் அடையுங்கள்.

அரியாலையிலிருந்து: பூக்களுக்கும் சீனி பூசுகிறார்களே, முற்றத்து அலரிப்பூ வைக்கலாமா?

வேண்டவே வேண்டாம். அலரி நஞ்சு. செவ்வலரி, மஞ்சள் அலரி இரண்டுமே, பூ முதல் விதை வரை. பிள்ளைகள் கேக்கில் இருக்கிறதை எடுத்து வாயில் வைப்பார்கள், அலங்காரத்துக்கென்றாலும் கூடாது. மருந்தடிக்காத ரோசா இதழ் வையுங்கள். கடைப் பூங்கொத்து இதழும் ஆகாது.

கோப்பாயிலிருந்து: எப்போது தொடங்க வேண்டும்?

தோசியைக் கேக் அடிக்கிறதற்கு ஒரு கிழமை முன்னே. முந்திரிகையை 24ஆம் திகதி பின்னேரம், அதற்கு முதல் வேண்டாம்.